பழைய கம்ப்யூட்டரை காயலான் கடையில போடப் போறீங்களா? சுவர்க் கடிகாரம் முதல் கொலு நகரம் வரை... எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

பரண் மேல ஒரு பழைய சிபியு. கட்டிலுக்கு அடியில ஒரு கீபோர்டு. பீரோவுக்குள்ள 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்துல அண்ணனோ அக்காவோ வாங்கின லேப்டாப், சார்ஜ் ஏறாம தூங்குது. தமிழ்நாட்டுல பல வீடுகள்ல இதுதான் நிலைமை. தூக்கிப் போடவும் மனசு வராது, வெச்சிருக்கவும் இடம் இருக்காது.

இன்னொரு பக்கம், யூடியூபைத் திறந்தா ஹார்டு டிஸ்க்கில் கடிகாரம், ராம் கார்டில் கீ செயின், மதர்போர்டில் போட்டோ ஃபிரேம் என்று வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீடியோக்கள் பலவற்றில் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு: கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எல்லா பாகமும் கைவினைப் பொருளாக மாற்றத் தகுந்தது இல்லை. சில பாகங்கள் ஷாக் அடிக்கும், சில வெடிக்கும், சிலவற்றில் ஈயம் இருக்கும்.

எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது, எப்படிச் செய்வது, மிச்சத்தை எங்கே கொடுப்பது? எல்லாத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இதைப் பத்தி இப்போ ஏன் பேசணும்?

ஐ.நா. சார்பில் வெளியான 'குளோபல் இ-வேஸ்ட் மானிட்டர் 2024' அறிக்கையின்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவாகியிருக்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். 2030-ல் மொத்தக் கழிவு 8.2 கோடி டன்னாக உயரும் என்றும் அந்த அறிக்கை கணித்திருக்கிறது.

மிச்சமெல்லாம் எங்கே போகிறது? கொஞ்சம் நம்ம பரண் மேல. கொஞ்சம் குப்பைக் கிடங்கில். கொஞ்சம், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் வயரை எரித்து செம்பு எடுக்கும் இடங்களில், போர்டுகளை ஆசிட்டில் ஊறவைத்து தங்கம் எடுக்கும் இடங்களில். டெல்லியின் சீலம்பூர் இதற்காகவே பல ஆண்டுகளாகச் செய்திகளில் அடிபடும் பகுதி.

முதல் கேள்வி: அது உண்மையிலேயே செத்துப் போச்சா?

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் 'ஸ்லோ' ஆவதற்குப் பல நேரம் காரணம் பழைய ஹார்டு டிஸ்க்கும் போதாத ராமும்தான். ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கூட்டினால் இன்னும் சில வருஷம் ஓடக்கூடும். ஓடுகிற கம்ப்யூட்டரை உடைத்து அலங்காரப் பொருள் செய்வது, காய்க்கிற மரத்தை வெட்டி விறகாக்குவது மாதிரி. ஓடினால் படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுங்கள்.

சரிசெய்யவே முடியாது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கட்டம்.

எந்தெந்த பாகத்தைத் தொடவே கூடாது?

*எஸ்எம்பிஎஸ்:* சிபியுவுக்குள் ஃபேனோடு இருக்கும் தகரப் பெட்டி. இதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கும். நம்ம வீட்டு 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே நிற்கலாம். இந்தப் பெட்டியைத் திறக்காமல் அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

*பின்பக்கம் பெட்டி மாதிரி நீண்டிருக்கும் பழைய மானிட்டர்:* 'மீன் தொட்டி செய்யலாம்' என்று சில வீடியோக்கள் சொல்லும். வேண்டாம். படக்குழாய்க்குள் வெற்றிடம் இருப்பதால், உடைந்தால் கண்ணாடி சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரமும் தேங்கியிருக்கலாம்.

*எல்இடி வருவதற்கு முந்தைய தட்டை எல்சிடி மானிட்டர்:* இதன் உள்ளே வெளிச்சத்துக்காக மெல்லிய டியூப் லைட் இருக்கும். அதில் பாதரசம் உண்டு.

*லேப்டாப் பேட்டரி:* லித்தியம் அயான் பேட்டரியைக் குத்தினாலோ, வளைத்தாலோ, நசுக்கினாலோ தீப்பிடிக்கும். உப்பிப் போயிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதை சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

*மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல்:* காசு மாதிரி வட்டமாக இருக்கும் 3 வோல்ட் செல் இது. போர்டைக் கையில் எடுத்ததும் முதலில் இதைக் கழற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். 'தானா வெளியே வந்துடும்' என்று காத்திருக்கக் கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள்.

அப்போ எதை எடுக்கலாம்?

- கீபோர்டு பட்டன்கள்
- சிடி, டிவிடி
- ஃபிளாப்பி
- ஹார்டு டிஸ்க் உள்ளே இருக்கும் வட்டத் தட்டுகள்
- ராம் கார்டு
- மதர்போர்டு, ஆனால் வெட்டாமல், முழுசாக மட்டும்

இந்தப் பட்டியலில் முதல் மூன்றும் முழுக்க முழுக்க பாதுகாப்பானவை. பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் காயலான் கடையிலும் பெரிய விலை கிடைக்காது. அதனால் வீட்டு அலங்காரத்துக்கு முதல் சாய்ஸ் இவைதான்.

ஹார்டு டிஸ்க்கைத் திறப்பதற்கு முன்: உங்க போட்டோ, பேங்க் விவரம் எல்லாம் உள்ளதான் இருக்கு

இது பலரும் கோட்டை விடும் இடம். ஃபைலை 'டெலிட்' செய்தாலோ, 'குயிக் ஃபார்மட்' கொடுத்தாலோ தகவல் அழிவதில்லை. பாடப் புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்த மாதிரிதான். உள்ளே பாடம் அப்படியே இருக்கும், அதை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

டிஸ்க் இன்னும் வேலை செய்கிறது என்றால், தேவையானதை காப்பி எடுத்துக்கொண்டு, அதை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து ஃபார்மட் செய்யுங்கள். அப்போது 'குயிக் ஃபார்மட்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகளில் இந்த முழு ஃபார்மட், டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதிவிடும். ஒரு டிஸ்க்கில் 'டி டிரைவ்', 'இ டிரைவ்' என்று பல பிரிவுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

வேலை செய்யாத டிஸ்க் என்றால்? அலுமினியத் தட்டாக இருந்தால், கழற்றிய பிறகு சுவர்ப் பக்கம் போகும் முகத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடலாம். ஆனால் தகவல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால் பளபளக்கும் முன்பக்கத்திலும் மிச்சம் இருக்கும். சாதாரண ஆள் யாரும் அதைப் படிக்க முடியாது. ஆனாலும் ஆபீஸ் டிஸ்க், வாடிக்கையாளர் விவரம் இருந்த டிஸ்க் போன்றவற்றை அலங்காரத்துக்கு எடுக்காமல், அழித்துக் கொடுக்கச் சொல்லி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைப்பதே நல்லது.

அலுமினியமா, கண்ணாடியா? இதைத் தெரிஞ்சுக்காம கை வைக்காதீங்க

டெஸ்க்டாப்பில் வரும் பெரிய ஹார்டு டிஸ்க் 3.5 இன்ச் வகை. இதன் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம். குறுக்களவு 95 மி.மீ., நடுவில் இருக்கும் ஓட்டை 25 மி.மீ.

லேப்டாப்பில் வருவது 2.5 இன்ச் வகை. இதன் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால் லேப்டாப் தட்டை வளைத்தாலோ, ஓட்டை போட்டாலோ சில்லு சில்லாகத் தெறிக்கும். அதனால் லேப்டாப் டிஸ்க்கை விட்டுவிடுங்கள்.

திறக்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் செட் ஆகாது. ஆறு முனை கொண்ட டார்க்ஸ் வகை வேண்டும். பெரிய டிஸ்க்கின் மேல்மூடிக்கு பெரும்பாலும் டி-8 அளவு, சிலவற்றில் டி-6. எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லையா? ஸ்டிக்கருக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள், ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

உள்ளே ஒரு மூலையில் இருக்கும் காந்தம் சாதாரண காந்தம் இல்லை, நியோடிமியம். இரண்டு காந்தங்கள் ஒட்டும்போது நடுவில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். குழந்தைகள் இதை விழுங்கினால் குடலையே ஓட்டையாக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

செய்முறை 1: எஃப்-1 முதல் எஃப்-12 வரை... சுவர்க் கடிகாரம்

கீபோர்டின் மேல் வரிசையைப் பாருங்கள். எஃப்-1, எஃப்-2 என்று தொடங்கி எஃப்-12 வரை சரியாக 12 பட்டன்கள். கடிகாரத்துக்கு வேண்டியதும் 12 எண்கள்தான்!

*தேவையானவை:* 30 செ.மீ. குறுக்களவுள்ள வட்ட பிளைவுட் பலகை, பழைய டெஸ்க்டாப் கீபோர்டு, ஒரு அலுமினியத் தட்டு அல்லது சிடி, முள்ளோடு சேர்ந்த வால் கிளாக் மெஷின், டபுள் சைடு டேப், ஹாட் க்ளூ கன்.

1. கீபோர்டின் 12 பட்டன்களையும் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக நெம்பி எடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள்.

2. பட்டனின் அடியில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதை கட்டிங் பிளேயரால் வெட்டி, உப்புத்தாளில் சமமாகத் தேயுங்கள். வெட்டும்போது துண்டு தெறிக்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

3. பலகைக்கு பெயின்ட் அடித்து, நடுப்புள்ளியிலிருந்து பாகைமானி வைத்து 30 டிகிரிக்கு ஒரு கோடு என 12 கோடுகளைப் பென்சிலால் போடுங்கள்.

4. நடுவில் மெஷினின் குழாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. போதும். வாங்கும்போதே பலகையின் கனத்தைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். குழாய் குட்டையாக இருந்தால் நட்டு பிடிக்காது.

5. அலுமினியத் தட்டை டபுள் சைடு டேப்பால் நடுவில் ஒட்டுங்கள். அதன் ஓட்டை 25 மி.மீ. இருப்பதால் மெஷினின் நட்டு அந்த ஓட்டைக்குள்ளேயே உட்கார்ந்து, நேராகப் பலகையைப் பிடித்துக்கொள்ளும். சிடி என்றால் ஓட்டை 15 மி.மீ.தான். நட்டு உள்ளே போகாவிட்டால் சிடியின் மேலேயே வைத்து லேசாக முறுக்குங்கள்.

6. பட்டன்களை ஓரத்தில் ஹாட் க்ளூவால் ஒட்டுங்கள். எஃப்-12 மேலே, எஃப்-6 கீழே.

7. முட்களை மூன்றும் 12-ல் நிற்கும்படி மாட்டுங்கள். பட்டன்கள் பலகையிலிருந்து சுமார் ஒரு செ.மீ. உயரம் நிற்கும். அதனால் நிமிட முள் அதில் இடிக்காத நீளத்தில் இருக்க வேண்டும். 30 செ.மீ. பலகைக்கு 11 செ.மீ. முள் சரியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: அழகாக இருக்கிறது என்று ஹார்டு டிஸ்க் காந்தத்தையும் சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். கடிகார மெஷின் உள்ளேயும் குட்டிக் காந்தம்தான் சுற்றுகிறது. பக்கத்தில் பெரிய காந்தம் இருந்தால் ஓட்டம் தடுமாறும், நின்றுகூடப் போகலாம்.

செய்முறை 2: 5 ஃபிளாப்பியில் பேனா ஸ்டாண்டு

3.5 இன்ச் ஃபிளாப்பி என்றால் '90ஸ் கிட்ஸுக்கு நினைவிருக்கும். மொத்தமே 1.44 எம்பி. இன்றைய போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. 2011 மார்ச் மாதத்தோடு சோனி நிறுவனம் ஜப்பானில் இதன் விற்பனையை நிறுத்தியது.

நான்கு ஃபிளாப்பிகளைச் சுவர்போல நிறுத்தி, ஐந்தாவதை அடியில் வைத்து ஹாட் க்ளூவால் ஒட்டினால் ஸ்டாண்டு ரெடி. ஒன்றைக் கவனியுங்கள்: ஃபிளாப்பி சரியான சதுரம் இல்லை. அகலம் 90 மி.மீ., நீளம் 94 மி.மீ. நான்கையும் ஒரே திசையில் நிறுத்தினால்தான் உயரம் சமமாக வரும்.

செய்முறை 3: பால்கனிக்கு காற்றுமணி

அலுமினியத் தட்டு ஒன்றை நூலில் தொங்கவிட்டு லேசாகத் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி ஒலிக்கும். 3 அல்லது 4 தட்டுகளைத் தூண்டில் நரம்பில், ஒன்றின் ஓரம் இன்னொன்றில் உரசும் தூரத்தில் தொங்கவிட்டால் காற்றுமணி தயார். தட்டின் ஓரம் நரம்பை அறுக்காமல் இருக்க, ஓட்டையில் ஒரு சிறிய ரப்பர் வளையம் மாட்டுங்கள்.

ஊர்ப்பக்கம் குருவி விரட்ட வயலில் சிடி கட்டித் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே டெக்னிக்கைத்தான் இப்போ அபார்ட்மென்ட்டில் புறாவுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

செய்முறை 4: கொலுவுக்கு ஒரு குட்டி நகரம்

நவராத்திரிக்கு 'பார்க்' போடுபவர்களுக்கு மதர்போர்டு ஒரு வரம். மேலிருந்து பார்த்தால் அது ஒரு நகரம் மாதிரியே இருக்கும். கெப்பாசிட்டர்கள் தண்ணீர் டேங்க், ஹீட் சிங்க் அடுக்குமாடி, ராம் ஸ்லாட் ரயில்வே பிளாட்ஃபார்ம், பச்சைப் போர்டில் ஓடும் கோடுகள் ரோடு. நடுநடுவே பொம்மைகளை வைத்தால் போதும், வெட்டவோ ஒட்டவோ வேண்டாம்.

பட்டன் செல்லைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, இரண்டு பக்கமும் டிரான்ஸ்பரன்ட் வார்னிஷ் ஸ்பிரே ஒரு கோட் அடித்துவிடுங்கள். ஈயம் கையில் படாது. ஸ்பிரே அடிப்பதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை 5: கீபோர்டு பட்டனில் பெயர் பலகை

கேட்க சுலபம். ஆனால் ஒரு கீபோர்டில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் ஒரு முறைதான் இருக்கும். 'சரவணா' என்று ஆங்கிலத்தில் எழுத நான்கு 'ஏ' தேவை, அப்படியென்றால் நான்கு கீபோர்டு! சிம்பிள் வழி: எழுத்து அழிந்துபோன பட்டன்களைத் திருப்பி வைக்காமல், மேலேயே பெயின்ட் மார்க்கரில் தமிழ் எழுத்தை எழுதிவிடுங்கள். 'ச', 'ர', 'வ', 'ணா' என்று நான்கே பட்டன். பின்னால் குட்டிக் காந்தம் ஒட்டினால் ஃபிரிட்ஜிலும் ஒட்டிக்கொள்ளும். பட்டனும் காந்தமும் சின்னது என்பதால், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

போர்டை வெட்டினா என்ன ஆகும்?

நிறைய வீடியோக்களில் மதர்போர்டை ரம்பத்தால் அறுத்து கம்மல், கோஸ்டர் எல்லாம் செய்கிறார்கள். இங்கேதான் பிரச்னையே.

சர்க்யூட் போர்டு என்பது கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பலகை. அறுத்தால் அந்த நார் தூசியாகப் பறந்து நுரையீரலுக்குள் போகும். தீப்பிடிக்காமல் இருக்க அதில் புரோமின் கலந்த ரசாயனமும் சேர்க்கப்பட்டிருக்கும்.

அடுத்து ஈயம. பழைய போர்டுகளில் பாகங்களைப் பற்றவைத்தது வெள்ளீயமும் ஈயமும் கலந்த சால்டரில். 2006 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகுதான் ஈயம் இல்லாத சால்டர் பரவலானது. இந்தியாவில் இந்தக் கட்டுப்பாடு 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதனால் உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் 2006-க்கு முந்தையது என்றால், அதில் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே:

- போர்டில் குழந்தைகளுக்கு நகை, பொம்மை செய்யாதீர்கள்
- சாப்பாட்டுத் தட்டு, டிரே போன்று உணவு படும் எதையும் செய்யாதீர்கள்
- சமையலறையில் வைத்து வேலை பார்க்காதீர்கள், செய்தித்தாள் விரித்து வேறு இடத்தில் உட்காருங்கள்
- கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம்
- முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்

'போர்டில் தங்கம் எடுப்பது எப்படி' என்ற வீடியோக்களை நம்பி நைட்ரிக் ஆசிட் வாங்கப் போகாதீர்கள். அதில் கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலைப் பாழாக்கும், உயிரையே பறிக்கும்.

இதனால குப்பைப் பிரச்னை தீர்ந்துடுமா?

தீராது. ஒரு சிபியுவில் நாம் அலங்காரத்துக்கு எடுப்பது சில கிராம், மிஞ்சினால் ஒரு கிலோ. தங்கம், செம்பு இருக்கும் மதர்போர்டையும் ராமையும் சுவரில் மாட்டிவிட்டால் அந்த உலோகம் திரும்பப் புழக்கத்துக்கு வராது என்பதும் உண்மை. முறையாக மறுசுழற்சி செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் நல்ல உதாரணம். அங்கு வழங்கிய சுமார் 5,000 பதக்கங்களும் ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய போன்கள், மின்னணுப் பொருட்களிலிருந்து எடுத்த உலோகத்தில் செய்யப்பட்டவை. அதில் தங்கம் மட்டும் 32 கிலோ!

ஆனால் இப்படிப்பட்ட கலைப்பொருட்களுக்கு வேறொரு பலன் இருக்கிறது. 2005-ல் பிரிட்டனில் 7 மீட்டர் உயரத்தில் ஒரு ராட்சத உருவம் நிறுத்தப்பட்டது. எடை 3.3 டன். ஒரு பிரிட்டன்வாசி தன் வாழ்நாளில் தூக்கிப்போடும் மின்னணுக் கழிவின் அளவு அது. 2021-ல் ஜி-7 மாநாடு நடந்த கார்ன்வாலில், ஏழு தலைவர்களின் முகங்களை மின்னணுக் கழிவிலேயே செய்து மலைபோல நிறுத்தினார்கள். குப்பையைக் கண் முன்னால் நிறுத்தினால்தான் பேச்சே தொடங்கும். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் அந்த வேலையைச் செய்யும்: வருகிறவர்கள் எல்லாம் 'இது எதுல செஞ்சது?' என்று கேட்பார்கள்.

மிச்சத்தை யார்கிட்ட கொடுக்கணும்?

எஸ்எம்பிஎஸ், மானிட்டர், பேட்டரி, உடைந்த போர்டு எதையும் வீட்டுக் குப்பையோடு போடக்கூடாது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, கடந்த 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி கம்ப்யூட்டர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே பழைய பொருட்களின் மறுசுழற்சியில் பொறுப்பு உண்டு. மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும்.

எனவே, உங்கள் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் இணையதளத்தில் பழைய பொருளைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தைத் தேடிக் கொடுங்கள். காயலான் கடையில் நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஆனால் அங்கிருந்து போகிற போர்டு எந்த ஊரில், எந்தப் பிள்ளையின் மூச்சில் புகையாகப் போகும் என்று நமக்குத் தெரியாது.

சுருக்கமா சொன்னா...

- ஓடுகிற கம்ப்யூட்டரை உடைக்காதீர்கள், தேவைப்படுபவருக்குக் கொடுங்கள்
- தகவலை முழுசாக அழித்த பிறகே ஹார்டு டிஸ்க்கைத் திறக்கவும்
- கீபோர்டு, சிடி, ஃபிளாப்பி: தாராளமாகப் பயன்படுத்தலாம்
- டெஸ்க்டாப் டிஸ்க் தட்டு ஓகே, லேப்டாப் தட்டு வேண்டாம்
- போர்டை முழுசாக வைக்கலாம், வெட்டக் கூடாது
- எஸ்எம்பிஎஸ், மானிட்டர், பேட்டரி: திறக்கவே கூடாது
- மிச்சம் எல்லாம் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு

இந்த வார லீவில் பரணைச் சுத்தம் பண்ணும்போது, முதலில் அந்தப் பழைய கீபோர்டிலிருந்தே தொடங்குங்கள்.